மருத்துவமனைக்குள் ஒரு வக்கீல்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனித் துறையும் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆனாலும் 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கெடுப்பில் 32,882 முன்னாள் படைவீரர்கள் வீடில்லாமல் இருந்தது தெரியவந்தது. இப்படிப்பட்டவர்களின் தேவைகளை அறிய அத்துறை நடத்தும் ஆய்வுகளில், நிறைவேறாத தேவைகளின் வரிசையில் சட்ட உதவி திரும்பத் திரும்ப முன்னால் நிற்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை பாக்கி, முடக்கப்பட்ட ஓட்டுநர் உரிமம் ஆகியவைதான் அவர்களைத் துரத்துகின்றன. நாளை தெருவுக்கு வரப்போகிறவரின் தூக்கமின்மைக்கு மாத்திரை மட்டும் போதாது. வக்கீலின் இடம் நோயாளிக்குப் பக்கத்தில்தான் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்த யோசனை முதலில் குழந்தைகளுக்காகப் பிறந்தது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆஸ்துமா குழந்தைகளுக்கு எவ்வளவு மருந்து கொடுத்தாலும், பூஞ்சை படர்ந்த வாடகை வீடு அவர்களை மறுபடி நோயாளியாக்கியது. வீட்டுக்காரரைச் சட்டப்படி பழுதுபார்க்க வைக்க, 1993இல் டாக்டர் பாரி சக்கர்மேன் வக்கீல்களின் துணையை நாடினார். கனெக்டிகட்டில் 2009இல் தொடங்கிய ஒரு சட்ட உதவி மையம், இதே முறையைப் படைவீரர்களின் மனநல மையத்துக்குள் கொண்டுவந்தது. படைவீரர்களுக்கு இதன் அவசியம் இன்னும் கூடுதல். போர் தந்த மன அதிர்ச்சியால் ஒழுங்கு மீறி, நற்சான்று இல்லாமல் வெளியேற்றப்பட்டவருக்குப் பல அரசுச் சலுகைகள் கைநழுவலாம். வெளியேற்றத் தரத்தை மாற்றக் கோரி இத்தகையவர்கள் தரும் மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்கும்படி 2014இல் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் உத்தரவிட்டார். ஆனால் மனுவை வாதிட வக்கீல் வேண்டும். நோய்க்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல டாக்டர் வேண்டும். இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் வேலை சுலபம்.

நோயாளிக்கான பணத்தை வக்கீலுக்குக் கொடுப்பதா என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலும் மருத்துவமனை தருவது அறை மட்டுமே. வக்கீல்கள் வெளியிலுள்ள தொண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். மருத்துவமனையை நடத்தும் அதே படைவீரர் துறையை எதிர்த்து உதவித்தொகை கேட்கும்போது அவர்கள் யார் பக்கம் என்ற சந்தேகத்துக்கும் இந்தச் சுதந்திரமே பதில். நோயாளியின் சம்மதமின்றித் தகவல் கைமாறக் கூடாது என்பதில் மட்டும் சமரசம் இருக்கக் கூடாது. பலன் உண்டா என்ற கேள்விக்கு, கனெக்டிகட், நியூயார்க் மாநிலங்களின் நான்கு மையங்களில் நடந்து 2017இல் வெளியான ஆய்வைக் காட்டலாம். ஓராண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்ட 148 பேரின் வீட்டு நிலை, வருமானம், மனநலம் மூன்றும் மேம்பட்டன. கூடுதல் உதவி பெற்றவர்களின் வீட்டு நிலையும் மனநலமும் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறின. உதவி பெறாதவர்களோடு ஒப்பிடாத ஆய்வு என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் கைக்கு வந்த உரிமத்துக்கும் காலி செய்யாமல் தப்பிய வீட்டுக்கும் தனி ஆய்வு தேவையில்லை. 2023இல் அமெரிக்க அரசு வீடற்ற, வீடிழக்கும் நிலையிலுள்ள படைவீரர்களின் சட்ட உதவிக்கென முதன்முறையாக மானியம் வழங்கியது. அதை ஆண்டுதோறும் நிலைக்கும் செலவாக்கி, ஒவ்வொரு படைவீரர் மருத்துவமனையிலும் வக்கீலுக்கு ஒரு மேசை போட வேண்டும்.