ரசத்துக்கு வெள்ளீயம், வலைக்குக் காரீயம்

ராமேஸ்வரம் கரையில் வலையை மூழ்கடிக்க அடிக்கயிற்றில் கோக்கும் குண்டும் ஈயம். வீட்டில் ரசம் கொதிக்கும் சொம்பும் ஈயம். பெயர் ஒன்று, உலோகம் இரண்டு. குண்டு காரீயம், சொம்பு வெள்ளீயம். முன்னது நஞ்சு.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றினால் கண்ணெதிரே ஓட்டை விழுவது இதனால்தான். புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத் தீ மூட்டினால், கொதிக்கும் தண்ணீர் சூட்டை 100 டிகிரி அளவிலேயே நிறுத்திச் சொம்பைக் காக்கும். புளி பித்தளையில் களிம்பேற்றும். வெள்ளீயத்தை அவ்வளவாக அரிக்காது. பித்தளை அண்டாவுக்கும் செம்புத் தேக்சாவுக்கும் நவச்சாரம் தூவி உள்ளே ஈயம் பூசுவது இதற்காகவே.

தனி வெள்ளீயம் எளிதில் நசுங்கும். சிறிது ஆன்டிமனியும் தாமிரமும் சேர்த்தால் உறுதிப்படும், அதுதான் பியூட்டர். எகிப்தின் அபிடோஸில் ஒரு கல்லறையில் கிடைத்த பியூட்டர் குடுவைக்கு வயது 3,000 ஆண்டுகளுக்கும் மேல். பீங்கான் மலிவாகும்வரை ஐரோப்பியர் உண்ட தட்டும் குடித்த குவளையும் பெரும்பாலும் இதுவே. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்தும் பியூட்டர் தட்டுகளை எடுத்திருக்கிறார்கள். அந்நாளில் விலை குறைக்கக் காரீயம் கலந்தார்கள். உண்டவர் உடலில் அது சேர்ந்தது. இன்றைய தரமான பியூட்டரில் காரீயம் கிடையாது.

தமிழகத்தில் வெள்ளீயச் சுரங்கம் இல்லை. அது கடல் வழியே வந்த பொருள். மலாய்த் தீபகற்பத்தின் கெடா, பேராக் பகுதிகளில் மண்ணை அலசியே எடுத்தார்கள். சோழமண்டலக் கரையின் மரக்காயர் கப்பல்கள் துணி கொண்டுபோய் ஈயம் ஏற்றித் திரும்பின. கீழக்கரையின் கடல்வணிகப் பெருமையைப் பேசும்போது முத்தையும் சங்கையும் சொல்கிறோம். நம் அடுக்களைக்கு வந்த இந்த வெள்ளை உலோகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈயச்சொம்பு வாங்கும்போது வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலக் கறுப்பாக இழுத்தால் காரீயம் கலந்திருக்கலாம், வாங்காதீர்கள். கோடு விழாவிட்டாலும் சிறு கலப்படம் இதில் தப்பிவிடும், ஆகவே பரிசோதனைச் சான்று கேளுங்கள். பழைய வலைக்குண்டை உருக்கிப் பாத்திரத்துக்குப் பூச ஒருபோதும் கொடுக்காதீர்கள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.