காயத்துக்குக் காபித் தூள் வேண்டாம்! தண்ணீரும் துணியும் போதும்

தாராவியில் பொழுது விடியும் முன்பே அடுப்புகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் பல தெருக்களுக்குப் போகும் இட்லி இங்கேதான் வேகிறது. பக்கத்துச் சந்தில் தோல் பை தைக்கும் பட்டறைகள். கும்பார்வாடாவில் மண்பாண்டச் சூளை. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஆபீசுக்கு ஓடுகிறவர்களின் வீட்டில் ஒரு பக்கம் குக்கர், மறுபக்கம் தவழும் குழந்தை.

பத்தடி அறையில் நெருப்பும் கத்தியும் குழந்தையும் சேர்ந்து இருந்தால், காயம் வராமல் இராது. வந்த பிறகு முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

இட்லிப் பாத்திரத்தைத் திறந்தபோது கையில் ஆவி அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கைக்கு எட்டிய மாவை அள்ளி அப்புகிறோம். மாவு இல்லாவிட்டால் பற்பசை, நெய், பேனா மை. கத்தி வெட்டினால் காபித் தூள், மஞ்சள் தூள். எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் இவை எதுவும் மருந்து அல்ல.

தீப்புண்ணுக்குத் தண்ணீர்

அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்துக்குள் இட்லி கொஞ்ச நேரம் வெந்துகொண்டுதான் இருக்கும். சுட்ட தோலும் அப்படியே. நெருப்பு விலகினாலும் உள்ளே போன சூடு கீழே உள்ள சதையையும் வேக வைக்கிறது. மாவை அப்பினால் அந்தச் சூடு உள்ளேயே அடைபடும். கிருமியும் சேரும். டாக்டர் அதைக் கழுவி எடுக்கும்போது வேதனை இரண்டு மடங்கு.

சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். உடனே முடியாவிட்டாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும்.

உள்ளங்கையை விடப் பெரிய புண், முகம், கை, மர்ம உறுப்பில் பட்ட புண், மின்சாரம் அல்லது ஆசிட் பட்ட புண், குழந்தைக்கு ஏற்பட்ட புண் என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1947-ம் ஆண்டு தொடங்கிய சயான் ஆஸ்பத்திரி தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய தீக்காயங்களுக்கு உதவும் தோல் வங்கியும் அங்கே 2000-ம் ஆண்டு நிறுவப்பட்டது.

குழாய் வராத நேரத்தில்?

20 நிமிடம் குழாய்த் தண்ணீர் என்று சொல்வது எளிது. குறித்த நேரத்துக்கு மட்டும் தண்ணீர் வரும் சால் வீட்டில் அதற்கு எங்கே போவது? பக்கெட் தண்ணீரில் கையை அமிழ்த்தி வைக்கலாம். அமிழ்த்த முடியாத இடமானால் மக்கால் மெதுவாக ஊற்றலாம். அல்லது நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போடலாம். இதற்காக ஒரு பக்கெட் சுத்தமான தண்ணீரை மூடி போட்டு எப்போதும் தனியாக வைத்திருங்கள். குடிக்கும் குடத்தைப் போல அதுவும் வீட்டுக்கு அவசியம்.

ரத்தம் வந்தால்

வெட்டுக் காயத்தில் தூவிய காபித் தூள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். காயத்தின் ஆழம் தெரியாது. தையல் போடும் முன் டாக்டர் அதைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து, 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று இடையில் திறந்து பார்த்தால் உறைந்த ரத்தம் கலைந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். கண்ணாடித் துண்டு குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அதைச் சுற்றி அழுத்தி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

பட்டறையில் விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துச் செல்லுங்கள். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது.

மூக்கில் ரத்தம் வடிந்தால் தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது. ரத்தம் தொண்டைக்குள் போகும். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெதுவான பகுதியை 10 நிமிடம் பிடித்திருங்கள்.

நாய் கடித்தால் மிளகாய்த் தூளோ சுண்ணாம்போ வேண்டாம். சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு பிழைப்பது மிக அரிது. ஊசியை ஒன்று கூட விடாமல் போட்டுக்கொண்டால் நோயைத் தடுக்கலாம்.

மழைக்காலத்தில் மின்சாரம் தாக்கியவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் 108-க்கு போன் செய்யச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள்.

போலீசுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம்

'வம்பு எதற்கு' என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. அவசர சிகிச்சையைப் போலீஸ் நடைமுறைக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்று 1989-ம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வாகன விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கூடக் கட்டாயம் இல்லை. ரெயில் பயணத்தில் உதவிக்கு 139.

ஒரு பழைய டப்பா போதும்

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வைக்க வேண்டும் என்று விதித்தது. நான்கு பேர் உட்கார்ந்து தைக்கும் பட்டறைக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அங்கே பெட்டியை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

1920-ம் ஆண்டு அமெரிக்காவில் ஏர்ல் டிக்சன் என்ற கம்பெனி ஊழியரின் மனைவி, சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொண்டார். தனியாக இருக்கும்போதும் அவரே கட்டிக்கொள்ளும்படி, ஒட்டும் நாடாவில் சிறு துணித் துண்டுகளை வைத்துத் தயாராகக் கொடுத்தார் டிக்சன். இன்று கடையில் வாங்கும் 'பேண்ட்-எய்ட்' பிறந்த கதை அதுதான். காயம் படுவதற்கு முன்பே தயாராக இருந்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

மூடியுள்ள ஒரு பழைய பிஸ்கட் டப்பா எடுங்கள். துவைத்துக் காய வைத்த வெள்ளை வேட்டித் துண்டு, கட்டுத்துணி, ஒட்டும் நாடா, கத்தரிக்கோல், சோப்பு ஆகியவற்றை அதில் போட்டு வையுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். ஊசி மறுபடி தேவையா என்று டாக்டர் முடிவு செய்ய அது உதவும்.

நாள் கூலி வாங்குகிறவருக்குக் கைதான் முதல். அந்தக் கை பழுத்து ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தால், ஊருக்குப் போகும் மணியார்டரும் நின்றுவிடும். டப்பாவையும் பக்கெட்டையும் இன்று இரவே எடுத்து வையுங்கள். எங்கே இருக்கிறது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.