சாரணர் சீருடை: பெருமையா, பொறுப்பா?



மும்பையில் எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னோடு பேசக் காத்திருந்தார். கட்டட வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடிபெயர்ந்தவர். அவருடைய 12 வயது மகன் பள்ளியில் சாரணர் குழுவில் சேர்ந்திருந்தான். "ஐயா, நகைநட்டு வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். இவனோ கழுத்தில் ஸ்கார்ஃப், சட்டைக் கையில் பட்டைகள், பையில் சின்னம் என்று கண்ணாடிக்கு முன்னே நிற்கிறான். இது பெருமை அல்லவா?" என்று வினவினார்.

கேள்வி நியாயமானது. உடை மனிதரைச் சேர்க்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். யாக்கோபு தன் பிரிய மகனுக்குச் செய்வித்த பலவருண அங்கியை நாம் அறிவோம். ஒருவனுக்கு மட்டும் கிடைத்த அவ்வங்கி, சகோதரருக்குள்ளே பகையை மூட்டியது. அப்படியானால் சாரணர் சீருடை எவ்வகையைச் சேர்ந்தது?

தோளில் ஒரு வண்ண நூல்

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ தீவில் பேடன் பவல் முதல் முகாமை நடத்தினார். ஏறத்தாழ 20 சிறுவர்கள் அதில் பங்கு பெற்றனர். செல்வந்தரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலிருந்து சிலரும், உழைக்கும் குடும்பங்களிலிருந்து சிலரும் வந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கொரு நிறமாகத் தோளில் நூற்குஞ்சம் அணிவித்தார். காளை அணிக்குப் பச்சை, ஓநாய் அணிக்கு நீலம், காக அணிக்குச் சிவப்பு, கர்லியூ என்னும் நீர்ப்பறவை அணிக்கு மஞ்சள். அந்த முகாமில் ஒரு சிறுவனை அடையாளம் காட்டியது தகப்பனின் செல்வம் அன்று, தோளில் தொங்கிய அந்த நூலே.

இன்று சீருடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இந்தோனேசியச் சாரணர் பழுப்பு நிற உடையோடு சிவப்பும் வெண்மையுமான கழுத்துத்துணி அணிகின்றனர். ஸ்காட்லாந்துச் சாரணர் தங்கள் மரபுப்படி 'கில்ட்' உடுத்துவதுண்டு. கடற்சாரணர் கருநீலத்தில் வருகின்றனர். நம் நாட்டில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சாரணருக்குச் சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் உரியன. சாரணியருக்கு நீல நிற உடை. சல்வார் கமீஸும் அணியலாம். சீக்கியச் சிறுவர் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டலாம். கழுத்துத்துணியின் நிறமோ குழுவுக்குக் குழு மாறும். உலக முகாம்களில் சந்திக்கும் பிள்ளைகள் தங்கள் கழுத்துத்துணிகளையும் சின்னங்களையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது வழக்கம். வேற்றுமை அங்கே பகைக்கு அன்று, நட்புக்கே ஏதுவாகிறது.

மூடியிருந்த கதவு

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. 1909இல் பெங்களூரில் சாரணர் இயக்கம் தொடங்கியபோது, அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவனுக்கு அச்சீருடை எட்டாக் கனி. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று ஒரு சாரணர் சங்கத்தை நிறுவினார். அப்பிள்ளைகள் இந்தியத் தலைப்பாகை அணிந்து அணிவகுத்தனர். 1950 நவம்பர் 7 அன்று சாரணர் சங்கங்கள் ஒன்றிணைந்து இன்றைய இயக்கம் பிறந்தது. மறு ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தனர். ஒரு காலத்தில் நம் பாட்டன்மாருக்கு மறுக்கப்பட்ட உடையையே இன்று நம் பிள்ளைகள் அணிகிறார்கள். அயல்மொழி பேசும் நகரத்தில், "நீ எந்த ஊர்?" என்று நாள்தோறும் கேட்கப்படும் பிள்ளைக்கு, "நீ எங்களில் ஒருவன்" என்று சொல்லும் உடை அது.

பட்டைகளின் பொருள்

அந்தச் சகோதரருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் மகனைச் சீருடையோடு அழைத்து வரச் சொன்னேன். ஒவ்வொரு பட்டையையும் தொட்டு, "தம்பி, இது எதற்காகக் கிடைத்தது?" என்று கேட்டேன். சமையலுக்கு ஒன்று, வெளியிடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டினானாம். முதலுதவிக்கு ஒன்று. "அதைச் செய்து காட்டு" என்றேன். கழுத்துத்துணியைக் கழற்றி முக்கோணமாக விரித்தான். தகப்பனின் கையை மடக்கி, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் தூளி கட்டி, கழுத்தோரம் முடிச்சிட்டான். கட்டட வேலையில் எத்தனையோ பேர் விழுந்து கையொடிந்ததைக் கண்டவர் அந்தத் தகப்பன். கட்டிய கையோடு அசையாமல் நின்றார், கண்கள் கலங்கின.

பிரியமானவர்களே, கடையில் வாங்கி அணிந்துகொள்ளும் அலங்காரம் வேறு, கற்றுத் தேறிப் பெற்ற அடையாளம் வேறு. சாரணர் வணக்கத்தில் உயரும் மூன்று விரல்கள், அவர்கள் செய்யும் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிக்கின்றன. கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை, பிறருக்குச் செய்யும் உதவி, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் என்பனவே அவை. இவற்றை மறந்து பட்டைகளை மட்டும் எண்ணினால் அது வீண்பெருமையே. இவற்றை நினைத்து நிமிர்ந்து நடந்தால் அது பொறுப்பு.

ஆகவே பெற்றோருக்குச் சில யோசனைகள்: சட்டையைத் தானே துவைத்துத் தேய்க்கப் பிள்ளையைப் பழக்குங்கள். ஒவ்வொரு பட்டையும் எதற்கென்று கேளுங்கள். கற்றதை வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளைக்குச் சிறியதாகிப்போன சீருடையைப் பெட்டியில் பூட்டாமல், வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். பணமின்மையால் ஒரு பிள்ளை அணிவகுப்புக்கு வெளியே நிற்குமானால், பழைய கதவை நாமே மறுபடியும் மூடியவர்களாவோம்.

அந்தச் சகோதரர் அன்று விடைபெறும்போது கைக்கட்டை அவிழ்க்கவில்லை. "வீடு போய்ச் சேரும்வரை இருக்கட்டும் ஐயா" என்றார்.