கை கால் வெடிப்பும் அதற்கேற்ற வீட்டு வைத்தியமும்

சங்கத்தின் ஐந்தொகைக் கணக்கில் தறிக்கும் எந்திரத்திற்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். நெய்பவர் கைக்கும் உழுபவர் காலுக்கும் தேய்மானம் எழுதும் ஏடு எந்தச் சங்கத்திலும் இல்லை. ஆயினும் அத்தேய்மானத்தால் நேரும் நட்டம் வேறொரு பெயரில் கணக்கில் வந்து சேர்ந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். சரக்குப் பதிவேட்டில் ஓர் அங்கத்தினரின் சேலைகள் மார்கழி முதல் தொடர்ந்து இரண்டாந்தரமாக எழுதப்பட்டிருந்தன. 'இழை இழுப்பு' என்று குறிப்பெழுதிக் கூலியிலும் பிடித்தம் செய்திருந்தார்கள். அவரோ முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்தவர். "வயதாகிவிட்டது, கவனம் குறைந்துவிட்டது" என்றனர் நிர்வாகிகள். அவரை அழைத்துக் கேட்டபோது, அவர் வாய் திறவாமல் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகள் முழுவதும் வெடித்திருந்தன.

"இழையைத் தொட்டால் விரல் பற்றிக்கொள்கிறது, ஐயா. எண்ணெய் தடவினால் பட்டில் கறை படிகிறது. தடவாவிட்டால் இழை இழுபடுகிறது. நான் என்ன செய்வேன்?" என்றார்.

அன்று அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. மறுநாள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் கூறியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் அங்கத்தினர்கள் அனைவருக்கும் பயன்படுமெனக் கருதி இங்கே எழுதுகிறேன்.

வெடிப்பு ஏன் உண்டாகிறது?

நம் தோலின் மேற்புறத்தில் உயிரற்ற மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவ்வடுக்கு மற்ற இடங்களைவிடப் பன்மடங்கு தடித்தது. அதில் போதிய ஈரம் உள்ளவரை தோல் வளைந்து கொடுக்கும். ஈரம் வற்றினால் விறைத்துப் பிளக்கும். உடலின் மற்ற இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒருவகை நெய்ப்பைச் சுரந்து ஈரத்தைக் காக்கின்றன. உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் அச்சுரப்பிகள் இல்லை. ஆகவே முதலில் வெடிப்பவை அவையே.

எண்ணெய் தடவினால் தோல் மென்மையாகும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் பிளாங்க் இதனைச் சோதித்துப் பார்த்தார். உலர்ந்து விறைத்த காய்ப்புத் தோல் எண்ணெயில் ஊறியும் மென்மையடையவில்லை. நீரில் ஊறியபோதே வளையும் தன்மை பெற்றது. தோலை மிருதுவாக்குவது நீர். அந்நீர் ஆவியாகிப் போகாமல் மூடி வைப்பதே எண்ணெயின் வேலை.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இஃது எளிதில் விளங்கும். காற்று வறண்ட நாளில் பாவு இழை அறுகிறது. ஈரப்பதம் உள்ள நாளில் தாங்குகிறது. வற்றிய ஏரியின் களிமண் பாளம் பாளமாக வெடிக்கிறது. நீர் வந்தால் வெடிப்பு மூடுகிறது. தோலும் இவ்வாறே.

ஈரத்தைக் கவர்பவை எவை?

மார்கழி, தை மாதங்களின் வறண்ட குளிர்காற்று ஒரு காரணம். அடிக்கடி நனைந்து உலர்வது மற்றொன்று. நனையும்போது தோலிலுள்ள ஈரம் காக்கும் பொருள்கள் கரைந்து போகின்றன. நாற்று நடுவோர் கால்களும், பாத்திரம் துலக்கும் பெண்கள் கைகளும் வெடிப்பது இதனால்தான். சோப்பும் சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் காரத்தன்மை உடையவை. தோலோ சற்றே புளிப்புத் தன்மை உடையது. காரம் தோலின் இயற்கை நெய்ப்பை அரித்துவிடும். சாயம் தோய்ப்போர் கையாளும் காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், பிளீச்சிங் பவுடர் ஆகியவை இன்னும் கடுமையானவை. வெறுங்காலுடன் நடப்பதாலும் நின்று உழைப்பதாலும் குதிகாலின் தோல் தடித்து, உடற்பாரத்தில் பக்கவாட்டில் விரிந்து பிளக்கிறது. இதனையே பித்த வெடிப்பு என்கிறோம். பெயரில் பித்தம் இருப்பினும் முதன்மையான காரணங்கள் வறட்சியும் பாரமுமே ஆகும்.

செய்ய வேண்டிய முறை

இரவு வேலை முடிந்தபின் பின்வருமாறு செய்க.

முதலாவது, கைகால்களை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிடுக. சூடு மிகுந்த நீர் ஆகாது. அது நெய்ப்பைக் கரைத்துவிடும்.

இரண்டாவது, ஊறிய குதிகாலைப் பீர்க்கங்கூட்டினாலோ கால் தேய்க்கும் கல்லினாலோ மெதுவாகத் தேய்க்க. ஒரே நாளில் தோலை முழுதும் நீக்க முயலலாகாது. விரல் நுனிகளையும் ஆழ்ந்த வெடிப்புகளையும் தேய்க்க வேண்டா.

மூன்றாவது, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தோல் முற்றும் உலருமுன்னரே எண்ணெய் தடவுக. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவாயினும் நன்று. விளக்கெண்ணெய் கெட்டியாக நின்று மூடும். பெட்ரோலிய ஜெல்லி இவற்றினும் நன்றாக ஈரத்தைத் தடுத்து நிறுத்தும், விலையும் மிகுதியன்று.

நான்காவது, பழைய பருத்தித் துணியைச் சுற்றியோ பருத்திக் காலுறை அணிந்தோ உறங்குக.

காலையில் கையைப் பயத்தமாவினால் கழுவித் துடைத்துவிட்டால் பட்டில் கறை படியாது. நம் நெசவாளர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. அவர் காலையில் உலர்ந்த கையில் எண்ணெய் தடவி, கறைக்கு அஞ்சி உடனே துடைத்துக்கொண்டிருந்தார். பொருளில் பிழையில்லை, வேளையிலும் வரிசையிலுமே பிழை.

வீட்டிலேயே களிம்பு செய்ய விரும்புவோர் தேன்மெழுகு ஒரு பங்கும் தேங்காய் எண்ணெய் நான்கு பங்கும் நிறுத்து எடுத்துக்கொள்ளலாம். கொதிநீருள்ள பாத்திரத்தினுள் சிறு பாத்திரத்தை வைத்து இரண்டையும் உருக்கி ஆறவிட்டால் களிம்பு உறையும். நேரே அடுப்பின்மேல் வைத்தல் தீ விபத்துக்கு இடமாகும். மெழுகுவத்தி மெழுகு இதற்கு உதவாது. மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்போர் போன்றாரிடம் தூய தேன்மெழுகு கிடைக்கும்.

செய்யத் தகாதவை

வெடிப்பில் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சாம்பல், சாணம் முதலியவற்றை வைப்பது பெருந்தீங்கு. சாணத்திலும் மண்ணிலும் இரணஜன்னிக் கிருமிகள் இருப்பதுண்டு. விவசாயிகள் அதற்கான தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுக்கொள்வது அவசியம். காய்ப்பைப் பிளேடால் சீவுதலும் ஆகாது. ஆலம்பாலும் எலுமிச்சைச் சாறும் பிளந்த தோலில் எரிச்சலை உண்டாக்கும்.

மருத்துவர் தரும் சில களிம்புகளில் யூரியா சேர்ந்திருக்கும். அது நீரை ஈர்த்துத் தோலில் நிறுத்த வல்லது. இதைக் கேள்வியுற்றுச் சங்கக் கிடங்கிலுள்ள உர யூரியாவைக் கரைத்துப் பூச யாரும் முற்பட வேண்டா. அது மருந்துக்கெனத் தூய்மை செய்யப்பட்டதன்று.

விரலிடுக்கில் வெளுத்து ஊறி நாறும் சேற்றுப்புண் வேறு நோய். அஃது ஈர மிகுதியாலும் பூஞ்சையாலும் வருவது. அங்கே எண்ணெய் தடவினால் நோய் வளரும். அவ்விடத்தை உலர்வாக வைத்துப் பூஞ்சைக்குரிய மருந்தைப் பூச வேண்டும்.

வலிக்காத வெடிப்பு

வெடிப்பு வலித்தால் வருந்துகிறோம். வலிக்காவிட்டால்தான் அஞ்ச வேண்டும். நீரிழிவு நோய் நாட்பட்டால் காலின் நரம்புகள் உணர்வை இழக்கின்றன. வியர்வையும் குறைந்து தோல் வறள்கிறது. அத்தகையவர் குதிகாலில் வெடிப்பு ஆழ்ந்து சீழ் பிடித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. இவ்வாறு தொடங்கிக் காலையே இழக்க நேர்ந்தவர் உண்டு. ஆகையால் நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குனிந்து பார்க்க இயலாதவர் கண்ணாடியில் பார்க்கலாம், அல்லது வீட்டிலுள்ளோரைப் பார்க்கச் சொல்லலாம். அவர்கள் காலை ஊறவைக்க வேண்டா. கழுவித் துடைத்து, விரலிடுக்கை விட்டு மற்ற இடங்களில் களிம்பு பூசினால் போதும். இரத்தம், சீழ், வீக்கம் கண்டாலும், எவருக்கேனும் மூன்று நான்கு வாரங்களில் குணம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் செல்வதே முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

இதில் தனி மனிதர் செய்வது பாதி. சங்கம் செய்வது பாதி. சாயச் சாலையில் ரப்பர்க் கையுறையும், கை கழுவ நல்ல நீரும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தேன்மெழுகையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கிக் களிம்பு செய்து அங்கத்தினர்களுக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.

முதலில் கூறிய நெசவாளரின் கைகள் ஒரு மாதத்தில் ஆறின. பங்குனியில் மீண்டும் சென்றபோது அவர் சேலைகள் முதல் தரமாக எழுதப்பட்டிருந்தன. முன்பு பிடித்த கூலியைத் திருப்பித் தர விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தொகை அவருக்கு நட்டமே. அன்று முதல் எந்தச் சங்கத்திற்குச் சென்றாலும், பதிவேட்டில் 'இரண்டாந்தரம்' என்று எழுதுமுன் நெய்தவர் கையை ஒருமுறை பாருங்கள் என்று சொல்லி வருகிறேன். அங்கத்தினர்களிடம் கேட்டுக்கொள்வதும் அதுவே: இன்றிரவு விளக்கடியில் உங்கள் கையையும் காலையும் ஒருமுறை பாருங்கள்.