கொரோனா போயிடுச்சு, கால் வலு வரலை!
வீட்டோடு முடங்கிய பெரியவர்கள் படும் பாடு

திருப்பூர்,

கொரோனாவுக்கு தப்பியும், அது போட்ட முடக்கத்துக்கு தப்பாத பெரியவர்கள் பலர் உண்டு. நோய் வராமலே நோயாளி ஆனவர்கள் இவர்கள்.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. இரவு பகலாக ஓடிய நிட்டிங் எந்திரங்கள் நின்றன. பனியன் கம்பெனி கேட்டுகளில் பூட்டு தொங்கியது.

மே மாதம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக திறந்தன. ஆனால் 65 வயதை தாண்டியவர்கள் அவசியம் இல்லாமல் வெளியே வரக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருந்தது. ஊர் திறந்தது, பெரியவர்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை!

லைன் வீட்டில் சிறை

பனியன் தொழிலாளர் குடும்பங்கள் பல, லைன் வீடுகளில் குடியிருக்கின்றன. ஒரு அறை, ஒரு சமையல் கட்டு. தண்ணீர் குழாயும் கக்கூசும் பொது.

"அப்பாரு, வெளிய போவாதீங்க" என்று மகன் சொன்னது பாசத்தில்தான். பேரப் பிள்ளைகளையும் கிட்டே விடவில்லை.

டீக்கடை பெஞ்சு போச்சு. கோவிலுக்கு போகும் நடையும் போச்சு. வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டி நாலு காசு பார்த்த அம்மாயிக்கு அந்த வேலையும் நின்றது. பேச ஆள் இல்லை. தூக்கம் கெட்டது, சாப்பாடும் குறைந்தது.

1 கிலோ சதை கரைந்தது

சும்மா இருந்தால் என்ன ஆகும்? 2007-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த 12 முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். காலில் மட்டும் சுமார் 1 கிலோ சதை கரைந்து விட்டது!

இங்கே முடங்கியதோ மாதக்கணக்கில். வயதானவர்களுக்கு போன சதை லேசில் திரும்பாது.

மாத்திரையும் நின்றது

பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கு போனால் தொற்றிக் கொள்ளும் என்ற பயம் வேறு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை பாதியில் விட்டவர்கள் உண்டு. கண்புரை ஆபரேஷன்கள் தள்ளிப் போயின.

பார்வை மங்கி, காலும் தளர்ந்தால் அடுத்தது வழுக்கி விழுவதுதான். இடுப்பு எலும்பு முறிந்தால் மறுபடி படுக்கை.

வீடு தேடி வந்த மருந்து

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போய் கொடுப்பதும், எழ முடியாதவர்களுக்கு பிசியோதெரபி கொடுப்பதும் இந்த திட்டம். 2024-ம் ஆண்டு இதற்கு ஐ.நா. விருது கிடைத்தது.

2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நேரம் வீதம் 5 நாள் நடந்தால் கணக்கு சரி. தள்ளாடாமல் நிற்கும் பயிற்சி வாரம் 3 நாள் வேண்டும். சுவரை பிடித்துக்கொண்டு குதிகாலை தூக்கி நின்றாலே போதும். காசு பணம் செலவு இல்லை.

பராமரிக்க ஆள் இல்லாத முதியவர்கள் 14567 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்யலாம்.

உங்கள் வீட்டு அப்பாரு கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுகிறாரா? இன்று ஷிப்டு முடிந்து போனதும் கவனியுங்கள். எழ முடியாவிட்டால், வயசு என்று விட்டு விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்!