கப்பலேறியோரும் காவற்சட்டமும்

பூம்புகார்த் துறைமுகத்தில் ஏற்றுமதியாகும் பண்டங்களும் இறக்குமதியாகும் பண்டங்களும் புலிமுத்திரை பொறிக்கப்பெற்றுக் காவலில் வைக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை வாயிலாக நாம் அறிகிறோம். பண்டத்தைக் கண்காணிக்கும் துறைமுக முறை தமிழர்க்குப் பழையது. ஆயின், பிழைப்புத் தேடிக் கப்பலேறும் ஏழைத் தொழிலாளியைக் கண்காணித்துக் காப்பதற்கெனத் தனிச்சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேதான் தோன்றியது. மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளிப் பகுதிகளையும் விட்டுக் கடல் கடந்த மக்களுக்கு அச்சட்டம் எவ்வளவு துணை நின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

சட்டத்தின் தோற்றம்

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834இல் நடைமுறைக்கு வந்தது. அடிமைகளை இழந்த கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்திய நாட்டின் வறியோரை நாடினர். 1834 முதல் மொரீசியசுத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். 1837இல் இயற்றப்பட்ட சட்டம், புறப்படுவோர் அரசு அலுவலர் முன் நேரில் தோன்றுதல் வேண்டும், ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும் என விதித்தது. எனினும் ஏமாற்றுகளும் கொடுமைகளும் தொடரவே, 1839இல் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1842இல் மொரீசியசுக்கு மட்டும் மீண்டும் வழி திறந்தபோது, துறைமுகத்தில் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்னும் அலுவலர் அமர்த்தப்பட்டார்.

சட்டம் இருந்தும் சாவு குறையவில்லை. 1856–57இல் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற கப்பல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வழியிலேயே மாண்டனர். இவ்வளவு பெரிய இழப்பே அரசை விழிக்கச் செய்தது எனலாம். 1864ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1883ஆம் ஆண்டுச் சட்டமும் விதிகளை ஒழுங்குபடுத்தி இறுக்கின.

நடைமுறை

இவ்விதிகள் எவ்வாறு செயற்பட்டன என்பது நோக்கத்தக்கது. ஆள் திரட்டுவோன் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். திரட்டப்பட்டவரை அலுவலர் வினவிப் பதிவு செய்த பின்னரே சென்னைக் கிடங்குக்கு அனுப்பலாம். அங்கு மருத்துவ ஆய்வு நடைபெறும். கப்பலின் இடவசதி, காற்றோட்டம், குடிநீர், உணவு, மருந்து ஆகியன சோதிக்கப்பட்ட பின்னரே புறப்பட இசைவு கிடைக்கும். கப்பலில் மருத்துவர் ஒருவர் உடன் செல்வார். உயிரோடு கரையிறங்குவோர் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்கு ஊதியம் வழங்கும் வழக்கமும் இருந்தது. அறத்தை மட்டும் நம்பாது ஆதாயத்தையும் காவலுக்குத் துணையாக்கிய ஏற்பாடு இது!

1860 அக்டோபரில் சென்னையினின்று நேட்டாலுக்குப் புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பலே தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பலாகும். 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றனர். அவர்தம் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலடையாளம் ஆகியன பட்டியலில் எழுதப்பட்டன. எனினும், அலுவலர் வினவுவது ஒன்றாகவும் ஏழை விளங்கிக்கொள்வது வேறாகவும் இருந்த நிலையை நாம் மறத்தற்கில்லை. எழுத்தறியாதவர்க்கு எழுதிய ஒப்பந்தம் என்ன காவல் தரும்?

விடுபட்ட பாதை

மதுரைச் சமவெளி மக்களுள் பெரும்பாலோர் நாடியது தொலைவிலுள்ள நேட்டாலை அன்று, அண்மையிலுள்ள இலங்கையையே. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளினின்று கங்காணியின் பின்னே கூட்டங்கூட்டமாக அவர்கள் சென்றனர். 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் இப்பெயர்ச்சியை மேலும் பெருக்கிற்று.

ஆனால் 1847ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இலங்கைப் பயணத்தைத் தடையினின்றும் கட்டுப்பாட்டினின்றும் விலக்கிவிட்டது. கடல் குறுகியது, ஆகவே இடரும் சிறியது என அரசு கருதியது போலும். உண்மை வேறாக இருந்தது. பாம்பன் வரை நடந்து, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து நீரற்ற காட்டு வழியே மாத்தளை வரை மீண்டும் நடந்த மக்களைக் காலராவும் காய்ச்சலும் பசியும் வாட்டின. பலர் வழியிலேயே வீழ்ந்தனர். கப்பலின் தளத்தை அளந்த சட்டம் காட்டு வழியை அளக்கவில்லை. இடரின் அளவைக் கொண்டு காவல் செய்யாது, கடலின் அகலத்தைக் கொண்டு காவல் செய்தமையே இதன் பெருங்குறை.

பின்னர் 1914இல் பாம்பன் தொடர்வண்டிப் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்தும் திறக்கப்பட்டன. மண்டபத்தில் முகாம் ஏற்பட்டது. ஆயினும் அம்முகாமின் மருத்துவச் சோதனை, இலங்கைக்குள் நோய் புகாமற் காப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டது. 1922ஆம் ஆண்டின் 7ஆம் சட்டம் வந்த பிறகே இலங்கைப் பயணம் முறையான கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஏறத்தாழ 75 ஆண்டுகள் இடையில் கழிந்துவிட்டன!

பெயரும் ஆவணமும்

காவல் இன்மையால் உயிர் மட்டுமன்றிப் பெயரும் இழக்கப்பட்டது. நேட்டால் சென்றவரின் கொள்ளுப்பேரன் கப்பற் பட்டியலைப் புரட்டித் தன் முன்னோரின் ஊரைக் காணலாம். மன்னார்க் காட்டு வழியே நடந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ அந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, மலையகத் தமிழருள் மிகப் பலர் சான்றின்றி நாடற்றவராயினர். அச்சட்டத்தின் அரசியல் நோக்கம் வேறாயினும், ஆவணமின்மை ஏழைக்கு எத்துணைக் கேடு என்பதற்கு அது சான்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. திரும்பியோருள் பலர் வந்திறங்கியதும் அதே மண்டபக் கரைப்பகுதியிலேதான்.

இன்றைய பாடம்

1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்னும் பழைய பதவிப்பெயர் அதிலும் நிலைத்தது. வளைகுடா நாடுகளுக்கு மகனையோ உடன்பிறந்தானையோ அனுப்பாத தெரு நம் ஊர்களில் அரிது. முகவர் உரிமம் பெற்றவரா, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன, அதன் படி வீட்டில் உள்ளதா என்னும் மூன்று வினாக்களைப் புறப்படுமுன் எழுப்புதல் வேண்டும். கற்ற மாணவர் தம் தெருவில் புறப்படும் ஒருவர்க்கேனும் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துப் பொருள் விளக்குவாராயின், அன்று எழுத்தறியாதவர்க்குக் கிட்டாத காவல் இன்று கிட்டும். சட்டம் ஏட்டில் இருப்பது அரசின் பணி. அது ஏழையின் செவிக்கு எட்டுவது கற்றோரின் கடமை.