மலைநாட்டு மாளிகைகள் – 9: வாட்டும் மாடியின் சன்னல்கள்

இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அழித்ததும், அதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டு மாற்று வழி காட்டியிருந்ததும் வாசகர் அறிந்தவையே. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில், ஏறத்தாழ 6,800 அடி உயரத்தில், நெடுங்காலம் மூடிக் கிடந்த ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உயர்தர விடுதியாகத் திறக்கப்பட்ட வரலாறும், அத்தோட்டங்களில் உழைத்தோரின் லயங்களும் இவ்வாரத்துக்கெனக் குறிக்கப்பட்டிருந்தன.

ஆயினும், அக்கட்டடத்தின் மேல்மாடிகளில் நெருங்கி நிற்கும் சன்னல் வரிசைகளைக் கடந்து செல்வது எளிதன்று. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீரே இருப்பதால், அதை உடனே உருட்டினால் இலை நொறுங்கிச் சிதையும். எனவே மேல்மாடிகளில் அடுக்கடுக்காக அமைந்த தட்டுகளில் மெல்லப் பரப்பி, இலை துவளும்வரை பல மணி நேரம் காற்றோட்டத்தில் வைப்பர். இதுவே வாட்டுதல் எனப்படும். காற்று தாராளமாக உலவ வேண்டும் என்பதற்காகவே இத்தொழிற்சாலைகள் பல மாடிகளாக உயர்ந்தன, சன்னல்களும் பெருகின. மூடுபனியால் காற்று ஈரமேறிய நாள்களில், கீழ்த்தளத்து உலர்த்தும் எந்திரங்களின் வெப்பக் காற்றைப் பெரிய விசிறிகள் மேலே இழுத்துக் கொடுத்தன. வாட்டிய இலை பின்னர் உருட்டப்பட்டு, நிறமும் மணமும் மாறும்படி நொதிக்க விடப்பட்டு, உலர்த்திச் சலிக்கப்பட்டது.

கொழுந்துக்காகத் திறந்த அச்சன்னல்களே இன்று விருந்தினர் அறைகளுக்கு வெளிச்சம் தருகின்றன. மாடிகளை அறைகளாகத் தடுத்தவர்கள் புறத்தோற்றத்தை மாற்றாமல் விட்டதோடு, எந்திரத்தையும் விசிறிகளையும் சுழல்தண்டுகளையும் அகற்றாமல் காத்தனர். அதனால் இங்கே என்ன வேலை நடந்தது என்பதைக் கட்டடத்தைப் பார்த்தே அறியலாம். 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது இவ்விடுதிக்குக் கிடைத்தது தகுதியானதே. அதே ஆண்டில் கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் எழுந்த மற்றொரு தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டதும் இங்கு நினைவுகூரத் தக்கது. கைவிடப்பட்ட தொழிற்கூடத்தை இடித்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழி உண்டு என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

லயங்கள், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறைகளில் வாழும் நெடும் வரிசை வீடுகள், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. தமிழகத்திலிருந்து சென்று அம்மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். எந்திரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்களின் வாழ்விடங்களுக்கும் வரலாற்றுக்கும் கிடைக்காதவரை, மலைநாட்டின் மரபுப் பாதுகாப்பு முழுமையடைந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.